இலவசமாய்க் கொடுங்கள் என்றால், யாருக்கு இலவசம்?

பெரம்பூரில் இருக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி. சுருக்கிச் சொல்கிறேன். பெருங்குடியில் ஐடி கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓய்வுநாள் பள்ளி எடுக்கிறார். எப்போதாவது வேறு சபைகளில் பேசக் கூப்பிடுகிறார்கள். முடித்துக் கிளம்பும்போது கையில் ஒரு கவரைத் திணிக்கிறார்கள். வாங்கலாமா, கூடாதா? இரண்டாவது அவருடைய நண்பரைப் பற்றி. வேலையை விட்டுவிட்டு மூன்று வருடமாகத் தன் சபையில் முழுநேர ஊழியம் செய்கிறார். மூப்பர்கள் மாதாமாதம் இவ்வளவு என்று எதுவும் கொடுப்பதில்லை. கேட்டால் "இலவசமாய்ப் பெற்றீர்கள், இலவசமாய்க் கொடுங்கள்" என்று வசனம் சொல்கிறார்கள். மனைவி எடுக்கும் டியூஷனில்தான் வீடு ஓடுகிறது. இது வேதத்தின்படி சரியா?

நண்பரிடமிருந்து ஆரம்பிக்கிறேன் தம்பி. கவர் காத்திருக்கும், வீட்டு வாடகை காத்திருக்காது.

அந்த வசனம் மத்தேயு 10:8. இயேசு பன்னிரண்டு பேரை ஊர் ஊராக அனுப்பும்போது சொன்னது. எதை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது அதே வசனத்தின் முன்பாதியில் இருக்கிறது: நோயாளிகளைக் குணமாக்குவது, குஷ்டரோகிகளைச் சுத்தமாக்குவது, பிசாசு துரத்துவது. காசு பார்க்க வசதியான வேலைகள். இன்றைக்கும் வசதியானவைதான், வடசென்னைச் சுவர்களில் இருக்கும் போஸ்டர்களைப் பார்த்தால் தெரியும். அவற்றுக்கு விலை வைக்காதே என்கிறார். சரி, அத்தோடு விட்டாரா? அடுத்த இரண்டு வசனத்தில் பொன், வெள்ளி, பை, மாற்றுடை எதுவும் எடுத்துக்கொண்டு போகாதே என்கிறார். காரணமும் சொல்கிறார்: "வேலையாள் தன் ஆகாரத்துக்குப் பாத்திரனாயிருக்கிறான்." அனுப்பப்படுகிறவன் வெறுங்கையோடு போவது, போகிற வீட்டில் சோறு கிடைக்கும் என்ற கணக்கில். லூக்கா 10:7இல் இதே பேச்சு வரும்போது ஆகாரம் என்ற இடத்தில் கூலி என்றே இருக்கிறது. எட்டாம் வசனத்தை மனப்பாடமாகச் சொல்லும் மூப்பர்கள் பத்தாம் வசனத்துக்கு வரும்போது மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிடுகிறார்கள்.

இந்தப் பேச்சில் அடுத்து எப்போதும் வருகிறவர் பவுல். "பவுல் கூடாரம் தைத்துப் பிழைத்தார், உனக்கென்ன?" என்பது எல்லாச் சபைக் கமிட்டிகளிலும் கேட்கிற வாதம். அவர் தைத்தது உண்மை. கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லா வீட்டில் தங்கி அவர்களோடு அந்தத் தொழிலைச் செய்தார் என்று அப்போஸ்தலர் 18 சொல்கிறது. யூத போதகர்களுக்குக் கைத்தொழில் இருப்பது இழிவில்லை. தோராவை மண் தோண்டும் மண்வெட்டியாக்காதே, அதாவது வேதத்தைப் பிழைப்புக்குக் கருவியாக்காதே என்று பழைய ரபிகளின் வாக்கு ஒன்று உண்டு. அந்த மண்ணில் வளர்ந்தவர் பவுல்.

ஆனால் 1 கொரிந்தியர் 9ஐ முழுசாகப் படியுங்கள். முதல் பதினாலு வசனமும் வக்கீல் வாதம்தான். சொந்தச் செலவில் போருக்குப் போகிற சிப்பாய் உண்டா? திராட்சைத் தோட்டம் போட்டுவிட்டுப் பழம் தின்னாதவன் உண்டா? போரடிக்கிற மாட்டின் வாயைக் கட்டாதே என்று மோசே சொன்னது மாட்டுக்காக மட்டுமா? சுவிசேஷத்தை அறிவிக்கிறவர்களுக்கு அதனால் பிழைப்பு உண்டாக வேண்டும் என்பது கர்த்தரின் கட்டளை என்று முடிக்கிறார். நடுவில், மற்ற அப்போஸ்தலர்களைப் போல மனைவியையும் கூட்டிக்கொண்டு போக எங்களுக்கு உரிமை இல்லையா என்று ஒரு கேள்வி. தனியாளுக்குச் சாப்பாடு போட்டால் சபையின் கடமை தீர்ந்தது என்று அவர் நினைக்கவில்லை, குடும்பத்தையும் சேர்த்தே கணக்குப் போடுகிறார். உங்கள் நண்பரின் மனைவி டியூஷன் எடுப்பது நினைவுக்கு வருகிறதல்லவா?

இவ்வளவு வாதாடி வழக்கை ஜெயித்துவிட்டு, பதினைந்தாம் வசனத்தில், நான் இந்த உரிமையை எடுத்துக்கொள்ளவில்லை என்கிறார். தமிழ் வேதாகமத்தில் பதினெட்டாம் வசனம் "எனக்குப் பலன் என்ன?" என்று வருகிறது. கிரேக்கத்தில் அந்த இடத்தில் இருக்கும் சொல் மிஸ்தோஸ். லூக்காவில் வேலையாளின் கூலிக்கும் அதே சொல்தான். அப்படிப் பார்த்தால் அவர் கேட்பது "என் கூலி என்ன?" என்று. பதில்: செலவில்லாமல் சுவிசேஷம் கொடுப்பதே என் கூலி. கூலி வாங்காததையே கூலியாக வைத்துக்கொண்ட மனிதர். குறும்பும் பெருமிதமும் கலந்த இந்த வரி பலன் என்ற மொழிபெயர்ப்பில் கொஞ்சம் மங்கிப்போகிறது.

இங்கே யார் யாருக்கு விட்டுக்கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். உரிமை பவுலுடையது, விடுகிறவரும் பவுல். கொரிந்து சபை கூட்டம் போட்டு, "பவுலுக்கு இந்த வருடம் ஒன்றும் வேண்டாம்" என்று தீர்மானம் போடவில்லை. கடன் கொடுத்தவர் கடனைத் தள்ளுபடி செய்யலாம். கடன் வாங்கியவர் தானே தள்ளுபடி செய்துகொண்டால் அதற்குப் பெயர் வேறு.

பவுல் எல்லா இடத்திலும் மறுக்கவுமில்லை. பிலிப்பி சபை அனுப்பியதை வாங்கினார். தெசலோனிக்கேயில் இருந்தபோதே ஒன்றிரண்டு தடவை அனுப்பினார்கள் என்று நன்றியோடு எழுதுகிறார். கொரிந்துவில் மட்டும் ஏன் வீம்பு? அங்கே ஊர் ஊராகப் போய்ப் பேசிக் கட்டணம் வாங்குகிற பேச்சாளர்களும், அவர்களை வைத்துப் பராமரிக்கிற பணக்காரர்களும் இருந்தார்கள். யாரிடம் வாங்குகிறாயோ அவருடைய ஆள் நீ. அந்த வலையில் விழ அவருக்கு மனமில்லை. வேடிக்கை என்னவென்றால் கொரிந்தியர் அதில் கோபப்பட்டார்கள். இரண்டாம் கடிதத்தில், உங்களுக்குப் பாரமாக இராததுதான் குறையா, "இந்த அநியாயத்தை எனக்கு மன்னியுங்கள்" என்று குத்துகிறார். மற்றச் சபைகளிடம் சம்பளம் வாங்கி அவர்களைக் கொள்ளையிட்டேன், உங்களுக்கு ஊழியம் செய்வதற்காக, என்றும் எழுதுகிறார். ஆக, கொரிந்துக்கு இலவசமாக வந்ததற்கு வேறு யாரோ பணம் கட்டியிருக்கிறார்கள்.

ஊழியம் என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் தாண்ட முடியவில்லை. அரசு ஊழியர் என்றால் முதல் தேதி சம்பளம் வாங்குகிறவர். தேவ ஊழியர் என்றால் சம்பளத்தைப் பற்றிப் பேசக் கூடாதவர். ஒரே சொல். இன்னும் பின்னால் போனால், பழைய திருவிதாங்கூரில் ஊழியம் என்றாலே ஒடுக்கப்பட்ட சாதியாரிடம் கூலி கொடுக்காமல் அதிகாரம் வாங்கிய கட்டாய வேலை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென் திருவிதாங்கூரில் கிறிஸ்தவர்களானவர்களை ஞாயிற்றுக்கிழமையாவது அந்த ஊழியத்திலிருந்து விடுவிக்க மிஷனரிகள் அரசோடு போராட வேண்டியிருந்தது. ஆராதனைக்குப் போவதற்காக ஊழியத்திலிருந்து விடுதலை கேட்டவர்களின் வழிவந்தவர்களே இன்றைக்கு ஊழியத்துக்கு எதற்குக் கூலி என்று கேட்கும்போது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது.

நம் பக்கத்துச் சரித்திரத்தில் இரண்டு பேரைச் சொல்கிறேன்.

முதலாமவர் சவேரியார். 1545இல் மயிலாப்பூரில் சில மாதம் தங்கியிருந்தவர், நம்ம ஊர்க்காரர் என்று சொல்லிக்கொள்ள உரிமை உண்டு. ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்த துறவி. தனக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்ளாதவர். முத்துக்குளித்துறையில் ஊருக்கு ஊர் ஜெபம் சொல்லிக் கொடுக்கவும் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கவும் உள்ளூர் ஆட்களை வைத்தார். கணக்கப்பிள்ளைகள் என்று பெயர். அவர்களிடம், நான் சும்மா செய்கிறேன், நீங்களும் சும்மா செய்யுங்கள் என்று சொல்லவில்லை. போர்ச்சுக்கல் ராணியின் செருப்புச் செலவுக்கென்று அந்தக் கடற்கரையிலிருந்து வருடாவருடம் 4,000 பணம் போய்க்கொண்டிருந்தது. அதைக் கணக்கப்பிள்ளைகளின் சம்பளத்துக்கு விட்டுத்தரச் சொல்லி ராணிக்கே எழுதிக் கேட்டார், வாங்கியும் கொடுத்தார். தன்னுடைய வார்த்தைப்பாட்டை மற்றவர் தலையில் ஏற்றாத துறவி. எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

இரண்டாமவர் திருநெல்வேலிச் சீமையின் அருளப்பன், 1810இல் பிறந்து 1867இல் மறைந்தவர். பாளையங்கோட்டையில் மிஷனரி ரேனியஸ் ஐயரிடம் படித்தவர். பிறகு அந்தோணி நாரிஸ் குரோவ்ஸோடு சேர்ந்தார். குரோவ்ஸ் இங்கிலாந்தில் பல் மருத்துவராக நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்துவிட்டு எல்லாவற்றையும் விட்டு வந்தவர். பிரிஸ்டலில் அனாதை இல்லங்கள் நடத்திய ஜார்ஜ் முல்லரின் மைத்துனர். முல்லர் 1830இலேயே தன் சபைச் சம்பளத்தை விட்டவர். அந்தச் சபையில் உட்காரும் இடத்துக்கு வாடகை வசூலித்துத்தான் போதகர் சம்பளம் கொடுத்தார்கள். பணக்காரருக்கு நல்ல இடம், ஏழைக்கு ஓரம் என்பது அவருக்குப் பொறுக்கவில்லை. அருளப்பனும் மிஷன் சங்கத்தின் சம்பளம் வாங்காமல் ஊழியம் செய்தார். வெள்ளைக்காரன் காசுக்குத்தான் இவன் பேசுகிறான் என்ற பேச்சுக்கு அவரிடம் இடமில்லாமல் போனது. 1840இல் கிறிஸ்தியான்பேட்டை என்று ஒரு ஊரையே உண்டாக்கினார். அங்கே நிலம் இருந்தது, உழவு இருந்தது, சேர்ந்து வாழ்கிற ஜனம் இருந்தது. சம்பளம் இல்லாத ஊழியம் காற்றில் தொங்கவில்லை, கீழே வயல் இருந்தது.

சென்னையில் இன்றைக்கும் சம்பளமில்லா ஊழியத்தை ஒழுங்காக நடத்துகிற இடங்கள் உண்டு. தாம்பரத்துக்குப் பக்கத்தில் இரும்புலியூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெந்தெகொஸ்தே மிஷனில் ஊழியர்களுக்குச் சம்பளம் கிடையாது, திருமணமும் கிடையாது, விசுவாச வீடுகளில் ஒன்றாகத் தங்கி ஒரே அடுப்பில் சாப்பிடுகிறார்கள். 1941இல் இங்கே யெகோவா ஷம்மா சபையைத் தொடங்கிய பக்த் சிங்கும் நிலையான சம்பளம் வாங்காதவர். கத்தோலிக்கக் கன்னியர் பள்ளியில் வாங்கும் சம்பளம் அப்படியே சபைக்குப் போகிறது. அந்தச் சம்பளத்தில் வருமான வரி பிடிக்கலாமா என்ற வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தைத் தாண்டி உச்ச நீதிமன்றம் வரை போய், பிடிக்கலாம் என்று 2024 நவம்பரில் முடிந்தது. எங்களுக்கென்று ஒரு ரூபாயும் இல்லை, நாங்கள் ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள் என்பது அவர்கள் வாதம். வழக்கு எப்படியோ போகட்டும், ஒன்றைக் கவனியுங்கள். அந்த சிஸ்டருக்குக் காய்ச்சல் வந்தால் மாத்திரை வாங்கித் தர ஒரு வீடு இருக்கிறது. வயதானால் கட்டில் இருக்கிறது. உங்கள் நண்பருக்கு அந்த வீடு இல்லை, வயல் இல்லை, பொது அடுப்பு இல்லை. பிள்ளைக்கு ஜூன் மாதம் ஸ்கூல் ஃபீஸ் மட்டும் இருக்கிறது. கன்னியர் மடத்தின் விரதத்தை வாடகை வீட்டுக்காரர்மேல் சுமத்துவது நியாயமே இல்லை.

இன்னொன்று, யாரும் வாய்விட்டுச் சொல்லாதது. ஊழியம் முழுக்க இலவசம் என்று ஒரு சபை வைத்தால் அங்கே ஊழியம் செய்யக்கூடியவர் யார்? பென்ஷன் வருகிறவர், கடை வைத்திருப்பவர், மனைவியோ கணவரோ நல்ல வேலையில் இருப்பவர். வீட்டு வேலை செய்யும் ஒரு அக்காவுக்கு எவ்வளவு வரம் இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமைச் சம்பளத்தை விட்டுவிட்டு வர முடியாது. ஏழைகளுக்காகச் சொல்லப்பட்ட வசனம், கடைசியில் வசதியானவர்கள் கையில் மேடையைக் கொடுத்துவிடுகிறது.

நான் மட்டும் யோக்கியனா? வடசென்னையில் ஒரு சபையில் ஆறு வருடம் பொருளாளராக இருந்தவன் நான். ஆலயத்தைத் திறந்து, பெருக்கி, மணியடித்து, அடக்க ஆராதனைக்கெல்லாம் ஓடி வந்த ஒரு பெரியவர் இருந்தார். அவருக்கு மாதாமாதம் கொடுத்ததை நாங்கள் சம்பளம் என்று எழுதியதே இல்லை. அன்பளிப்பு என்று எழுதினோம். சம்பளம் என்றால் வருடாவருடம் ஏற்ற வேண்டும் அல்லவா! அதே வருடம் புது ஸ்பீக்கர் வாங்கினோம். கடைக்காரர் சொன்ன தொகையில் நூறு ரூபாய்கூடக் குறைக்கவில்லை, நாங்களும் ரொம்பக் கேட்கவில்லை. ஓய்வுநாள் பள்ளி எடுத்த டீச்சரம்மா சார்ட் பேப்பர், கிரேயான் எல்லாம் முப்பது வருடம் சொந்தக் காசில் வாங்கினார். விடுமுறை வேதாகமப் பள்ளி வரும் மே மாதங்களில் அது இன்னும் கூடும். ஒருமுறை, பில் கொடுங்கள் அம்மா, எழுதிவிடலாம் என்றேன். "அது இருக்கட்டும் ஐயா, கர்த்தருக்குச் செய்கிறது" என்றார். அவர் சொன்னது சரி. அவர் சொன்னார் என்பதற்காக நான் பேசாமல் இருந்தது சரியில்லை. ஒரு தடவை கேட்டதோடு என் கடமை முடிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

சரி, உங்கள் நண்பர் என்ன செய்யலாம்? மூன்று வழி இருக்கிறது, மூன்றும் கௌரவமானவை. மூப்பர்களோடு உட்கார்ந்து, மாதம் இவ்வளவு, வருடம் இவ்வளவு ஏற்றம், மருத்துவச் செலவுக்கு இது என்று எழுதி வாங்கலாம். சிஎஸ்ஐ மாதிரி பெரிய திருச்சபைகளில் ஆயர்களுக்குச் சம்பள விகிதமே இருக்கிறது. அதனால் அவர்களுக்கு விசுவாசம் குறைந்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. இல்லையென்றால் பகுதிநேரமாக ஒரு வேலை பார்க்கலாம், பவுலைப் போல. ஆனால் "இராவும் பகலும்" வேலை செய்தேன் என்று பவுல் எழுதியதை மறக்க வேண்டாம். சபையும் அந்த நேரத்துக்கு அவரை வீடு சந்திப்புக்குக் கூப்பிடக் கூடாது. மூன்றாவது, அவரும் மனைவியும் சேர்ந்து, நாங்கள் ஒன்றும் கேட்க மாட்டோம், தேவன் நடத்துவார் என்று முடிவெடுப்பது. சேர்ந்து என்பதை அழுத்திச் சொல்கிறேன். அப்படி முடிவெடுத்தால், முல்லர் இருந்த மாதிரி, எந்த மனிதரிடமும் தேவையைச் சொல்லாமல் இருக்க வேண்டும். "பாரத்தோடு ஜெபியுங்கள்" என்று அனுப்பிவிட்டு அடியில் ஜிபே நம்பர் போடுவது விசுவாச ஊழியம் இல்லை, சுற்றி வளைத்துக் கேட்பது. நேராகக் கேட்பதே மேல். வெட்கப்பட ஒன்றுமில்லை, வேலையாள் கூலிக்குப் பாத்திரவான்.

இனி உங்கள் கவர். உங்களுக்குச் சம்பளம் வேறிடத்தில் வருகிறது. அதனால் பவுலின் உரிமையும் உங்களுக்கு உண்டு, அதை விடும் சுதந்திரமும் உண்டு. ஆனால் கவரை வாங்கவே கூடாது என்று ஒரே சட்டம் போட நான் தயாரில்லை. தீர்க்கதரிசி எலிசாவைப் பாருங்கள். அவரால் குஷ்டம் நீங்கிய சீரியப் படைத்தலைவன் நாகமான் பத்துத் தாலந்து வெள்ளியும் பொன்னும் மாற்றுடைகளும் கொண்டுவந்து நின்றபோது ஒன்றும் தொடவில்லை. அதே எலிசா, சூனேம் ஊர்ப் பெண் மாடியில் அறை கட்டி, கட்டில், மேஜை, நாற்காலி, குத்துவிளக்கு வைத்துக் கொடுத்தபோது போய்த் தங்கினார். நாகமானிடம் வாங்கியிருந்தால் சுகத்துக்கு விலை ஆகியிருக்கும். சூனேமில் கிடைத்தது உபசாரம். வித்தியாசம் புரியாத எலிசாவின் வேலைக்காரன் கேயாசி, நாகமானின் பின்னால் ஓடிப் போய்ப் பொய் சொல்லிக் கேட்டு வாங்கி, குஷ்டத்தோடு திரும்பினான். ஆதிச் சபையின் திதகே என்ற கையேட்டிலும் இதே மாதிரி ஒரு சோதனை இருக்கிறது: வருகிற அப்போஸ்தலன் ஓரிரு நாள் தங்கலாம், கிளம்பும்போது வழிக்கு அப்பம் வாங்கிக்கொள்ளலாம், பணம் கேட்டால் அவன் கள்ளத் தீர்க்கதரிசி.

ஆகவே போவதற்கு முன் தொகை பேசாதீர்கள். "எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் பிரதர்?" என்று கேட்டால், ரயில் டிக்கெட் காசு போதும் என்று சொல்லுங்கள். கூட்டம் முடிந்து ஒரு பாட்டி முந்தானையில் முடிந்து வைத்த ஐம்பது ரூபாயை நீட்டினால் பிரசங்கம் செய்யாமல் வாங்கிக்கொள்ளுங்கள். மறுத்தால் அவருக்குத்தான் அவமானம். பெரிய கவராக வந்தால், உங்களுக்கு அது தேவையில்லை என்பதால், நண்பரின் சபைப் பொருளாளரிடம் நண்பருக்கென்று சொல்லிக் கொடுங்கள். நேரே நண்பர் கையில் கொடுத்தால் அது நீங்கள் செய்த உதவியாகப் போய்விடும். ரசீதில் 'எதற்கு' என்று இருக்கும் இடத்தில் 'ஊழியர் சம்பளம்' என்று எழுதச் சொல்லுங்கள். அப்படி ஒரு தலைப்பே நம் கணக்குப் புத்தகத்தில் இல்லையே என்பார் பொருளாளர். நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். புதிதாக ஒரு பக்கம் திறக்கும்வரை அங்கேயே நில்லுங்கள்.